உளவியல் லேப்பில் சேரப்போகும் முதல் தலைமுறை மாணவருக்கு, முன்கூட்டியே சில விஷயங்கள்

என் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். இளங்கலை இரண்டாம் ஆண்டில் ஓர் உளவியல் ஆய்வுக்கூடத்தில் உதவியாளராகச் சேர்ந்தேன். இன்று அதே துறையில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்கிறேன். அதனால் இது தோற்றுப்போனவர் கதை இல்லை. ஆனாலும் வழியில் சில மாதச் சம்பளம் போயிற்று, ஒரு செமஸ்டர் மதிப்பெண் சரிந்தது, கட்டுரை ஆசிரியர் வரிசையில் இருந்திருக்க வேண்டிய என் பெயர் கடைசியில் நன்றி சொல்லும் பத்தியில் போய் உட்கார்ந்தது. யாரும் என்னை ஏமாற்றவில்லை என்பதுதான் இதில் வேடிக்கை. பேராசிரியர் நல்ல மனுஷி. சீனியர்கள் அன்பானவர்கள். தங்களுக்குத் தெரிந்ததெல்லாம் எனக்கும் தெரியும் என்று நினைத்துவிட்டார்கள், அவ்வளவுதான். பெற்றோர் பட்டம் வாங்கிய வீடுகளில் பேச்சுவாக்கில் காதில் விழுந்துவிடுகிற தகவல்களுக்கு நான் காசும் நேரமும் கொடுக்க வேண்டியிருந்தது. நீங்கள் அவ்வளவு கொடுக்க வேண்டாம் என்பதற்காக எழுதுகிறேன்.

சேர்வதிலிருந்தே ஆரம்பிக்கிறேன். பேராசிரியருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன், பதில் இல்லை. நமக்கெல்லாம் அங்கே இடமில்லை என்று முடிவுகட்டிவிட்டு ஒரு செமஸ்டர் முழுக்கச் சும்மா இருந்தேன். பின்னால்தான் தெரிந்தது, அவருக்கு வரும் அஞ்சல்களில் பாதி திறக்கப்படுவதே இல்லை. ஒரு வாரம் பத்து நாள் கழித்து, "முன்பு எழுதியது தொடர்பாக" என்று இரண்டே வரியில் மறுபடி அனுப்புவதை அங்கே யாரும் மரியாதைக் குறைவாக நினைப்பதில்லை; அதுதான் வழக்கம். இன்னொன்று, இளங்கலை உதவியாளர்களைப் பெரும்பாலும் தேர்ந்தெடுப்பது பேராசிரியர் இல்லை. தரவு சேகரிக்க ஆள் தேவைப்படுவது முனைவர் பட்ட மாணவர்களுக்குத்தான். லேப் இணையப் பக்கத்தில் அவர்கள் பெயர் இருக்கும். அவர்களுடைய ஆய்வு ஒன்றைப் படித்துவிட்டு, அதில் உங்களுக்குப் புரிந்த ஒன்றையும் புரியாத ஒன்றையும் குறிப்பிட்டு, வாரத்தில் எத்தனை மணி நேரம், எந்தெந்த நேரம் வர முடியும் என்று எழுதுங்கள். "உளவியலில் சிறு வயது முதலே தீராத ஆர்வம்" என்ற வரியை விட்டுவிடுங்கள், எல்லாருமே அதைத்தான் எழுதுகிறார்கள். கட்டுரையைப் படிக்க இணையதளம் காசு கேட்டால் பயப்பட வேண்டாம். எழுதியவருக்கே ஒரு வரி போட்டால் பெரும்பாலானோர் கோப்பை அனுப்பிவிடுவார்கள்.

சேர்த்துக்கொண்டார்கள் என்றதும் எனக்கு வந்த சந்தோஷத்தில் சம்பளம் உண்டா என்று கேட்கத் தோன்றவே இல்லை. கேட்டால் ஆர்வமில்லாதவன் என்று நினைப்பார்களோ என்ற பயம் வேறு. லேப்பில் மூன்று விதமாக வேலை செய்யலாம்: கூலிக்கு, பாடத்துக்கான கிரெடிட்டுக்கு, அல்லது தன்னார்வமாக. மூன்றும் ஒரே அறையில், ஒரே மேசையில், ஒரே வேலையைச் செய்துகொண்டிருக்கும். என் பக்கத்தில் உட்கார்ந்து அதே வீடியோக்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர் மணிக்கணக்கில் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தார். நான் தன்னார்வலர். இது தெரியவந்த அன்று அவர்மேல் கோபம் வரவில்லை, வெட்கம்தான் வந்தது. அவர் செய்ததெல்லாம் முதல் வாரத்தில் ஒரு கேள்வி கேட்டதுதான்: "இந்த வேலைக்கு மானியத்தில் மாணவர் ஊதியம் என்று ஏதாவது ஒதுக்கியிருக்கிறதா? இல்லையென்றால் கிரெடிட்டாகவாவது பதிவு செய்துகொள்ளலாமா?" அவர் அம்மா ஒரு கல்லூரியில் பாடம் நடத்துபவர். அந்தக் கேள்வியை அப்படியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சொற்களைக்கூட மாற்ற வேண்டாம். (மானியம் என்றால் ஆய்வுக்கென்று லேப்புக்கு வரும் நிதி.)

அப்புறம் காத்திருப்பு. சேர்ந்தவுடன் ஆய்வு நெறிமுறைப் பயிற்சி ஒன்றை இணையத்தில் முடிக்கச் சொன்னார்கள். மனிதர்களை வைத்துச் செய்யும் ஆய்வுக்கு வரம்பு கட்ட இரண்டாம் உலகப் போருக்குப் பின் வந்த 1947-ன் நியூரம்பெர்க் விதிகள், 1964-ன் ஹெல்சிங்கி பிரகடனம், அமெரிக்காவின் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை சிஃபிலிஸ் நோய் கொண்ட கறுப்பின ஆண்களுக்குச் சிகிச்சை தராமல் வெறுமனே கண்காணித்த கொடுமை, அதன் விளைவாக 1979-ல் வந்த பெல்மாண்ட் அறிக்கை என்று போகும் பயிற்சி அது. பலர் பக்கங்களைத் தள்ளிவிட்டுத் தேர்வை முடித்துவிடுவார்கள். நான் முழுக்கப் படித்தேன். படிக்க வேண்டிய விஷயம்தான், அதுவும் ஏழை எளியவர்களை அவர்களுக்கே தெரியாமல் ஆராய்ச்சிப் பொருளாக்கிய வரலாறு என்பதால் எனக்கு அது பாடமாகவே தெரியவில்லை. சரி, பயிற்சி முடிந்தது, சான்றிதழ் வந்தது. ஆனால் அந்தக் குறிப்பிட்ட ஆய்வின் அனுமதிப் பட்டியலில் நெறிமுறைக் குழு என் பெயரைச் சேர்க்கும் வரை நான் தரவைத் தொடக் கூடாதாம். அதற்கு வாரக்கணக்கில் ஆனது. லேப் நேரத்துக்காகப் பகுதிநேர வேலையில் ஷிஃப்டுகளை ஏற்கெனவே விட்டுக்கொடுத்திருந்தேன். அங்கேயும் சம்பளமில்லை, இங்கேயும் வேலையில்லை. ஆகவே ஷிஃப்டை விடுவதற்கு முன் கேளுங்கள்: "என் பெயர் அனுமதியில் சேர்ந்துவிட்டதா? எந்தத் தேதியிலிருந்து வேலை இருக்கும்?"

வேலை எப்படி இருக்கும் என்றும் சொல்லிவிடுகிறேன். மனிதர்களின் மனதைத் தோண்டிப் பார்ப்போம் என்று நினைத்துப் போனவனுக்கு எக்செல் தாள்கள் கிடைத்தன. இதில் ஏமாற ஒன்றுமில்லை. 1879-ல் உளவியலாளர் வில்ஹெல்ம் வுண்ட் ஜெர்மனியின் லைப்சிக்கில் தொடங்கிய ஆய்வுக்கூடத்திலும் மாணவர்கள் நொடியின் சின்னஞ்சிறு துண்டுகளில் எதிர்வினை நேரத்தை அளந்துகொண்டுதான் இருந்தார்கள். பங்கேற்பாளரை வரவேற்பது, ஒப்புதல் படிவத்தை விளக்குவது, எழுதிக் கொடுத்த வசனத்தை ஒரு சொல் மாறாமல் சொல்வது, முடிந்ததும் ஆய்வின் நோக்கத்தை விளக்கி அனுப்புவது எல்லாம் என் வேலை. வசனம் மாறினால் என்ன என்று முதலில் நினைப்பீர்கள். ஆய்வாளர் என்ன எதிர்பார்க்கிறார் என்று பங்கேற்பாளர்கள் மோப்பம் பிடித்து அதற்கேற்ப நடந்துகொள்வார்கள் என்பதை உளவியலாளர் மார்ட்டின் ஆர்ன் 1962-லேயே எழுதிவிட்டார். உங்கள் சிரிப்பும் தலையாட்டலும்கூட தரவைக் கெடுக்கும். இதில் யாரும் சொல்லாத பகுதி, வராத பங்கேற்பாளர்கள். பதிவு செய்துவிட்டு வராமல் போகிறவர்கள் நிறைய. அவர்களுக்காகப் பூட்டிய அறை வாசலில் உட்கார்ந்திருந்த நேரத்தை நான் நேரக் குறிப்பில் எழுதவே இல்லை, வேலை செய்யாத நேரம்தானே என்று. அதுவும் வேலை நேரம்தான். எழுதுங்கள். பங்கேற்பாளருக்குத் தர வேண்டிய சிறு தொகையை "உன் கையிலிருந்து கொடுத்துவிடு, அப்புறம் வாங்கிக்கொள்" என்று யாராவது சொன்னால், முன்பணமாகத் தரும்படி கேளுங்கள். கேட்டால் தருவார்கள்.

எனக்குப் பெரிய அடி கோடிங்கில்தான். கணினி நிரல் எழுதும் கோடிங் இல்லை. பெற்றோரும் குழந்தையும் பேசும் வீடியோக்களைப் பார்த்து, ஒவ்வொரு பேச்சையும் இது ஊக்குவிப்பு, இது கட்டளை, இது விளக்கம் என்று வகைப்படுத்துவது. இரண்டு பேர் தனித்தனியாகச் செய்து, இருவரும் எவ்வளவு ஒத்துப்போகிறோம் என்று பார்க்க வேண்டும். அதற்கு 1960-ல் ஜேக்கப் கோஹன் தந்த கப்பா என்ற அளவு இருக்கிறது, தற்செயலாக ஒத்துப்போவதைக் கழித்துவிட்டுப் பார்ப்பது. இருவரும் 80 சதவீதம் ஒத்துப்போனோம் என்பது கேட்க நன்றாக இருக்கும். ஆனால் குருட்டாம்போக்கில் போட்டாலே 50 சதவீதம் ஒத்துப்போகும் என்றால் கப்பா 1-க்கு வெறும் 0.6-தான். எங்களுக்கு அதைவிடக் குறைவாக வந்தது. லேப் மீட்டிங்கில் ஐந்து நிமிடம் பேசிவிட்டு, வகைகளைத் திருத்துவோம், எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்வோம் என்று முடிவெடுத்தார்கள். மாதக்கணக்கான உழைப்பு ஒரு வாக்கியத்தில் போயிற்று. என்னால்தான் போயிற்று என்று நினைத்துப் பல இரவுகள் தூங்கவில்லை. தேர்வுக்குப் படிக்க வேண்டிய நேரத்தில் வீடியோக்களைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். மதிப்பெண் சரிந்தது அந்த செமஸ்டரில்தான். யாராவது ஒருவர், "வகைப்பாட்டுக் கையேடு ஒரே முறையில் சரியாக அமைவதே இல்லை, எல்லா லேப்பிலும் இப்படி மூட்டைகட்டி வைத்த கோடிங் இருக்கும், இது உன்னைப் பற்றிய தீர்ப்பு இல்லை" என்று சொல்லியிருந்தால் போதும். இப்போது நான் ஜூனியர்களுக்கு முதல் நாளே இதைச் சொல்கிறேன்.

அந்த நாட்களில் ஒருவர் எனக்கு ஆறுதலாக, "உனக்கு இம்போஸ்டர் சிண்ட்ரோம்" என்றார். எனக்கு எரிச்சல்தான் வந்தது. பாலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் என்ற உளவியலாளர்கள் 1978-ல் அதை எழுதியபோது, சாதித்த பிறகும் தாங்கள் தகுதியற்றவர்கள் என்று நம்பிய பெண்களைப் பற்றி எழுதினார்கள். தகுதி இருக்கிறது, நம்பிக்கைதான் இல்லை என்ற நிலை அது. என் சிக்கல் வேறு. எனக்கு நிஜமாகவே சில விஷயங்கள் தெரியாது. லேப் மீட்டிங்கில் பவர், எஃபெக்ட் சைஸ் என்று புள்ளியியல் பேசினாலும், ஆய்வுத் திட்டத்தைத் தொடங்கும் முன்பே பதிந்துவைக்கும் முன்பதிவைப் பற்றிப் பேசினாலும் எனக்குப் புரியாது. புரியாதது கற்பனை இல்லை. தெரியாததைச் சொல்லிக்கொடுத்தால் சரியாகிவிடும் விஷயத்தை மனநிலைக் கோளாறாக்கி, "தன்னம்பிக்கை வைத்துக்கொள்" என்று அனுப்பிவிடுவது சுலபம். நான் ஒரு குறிப்பேடு போட்டேன். மீட்டிங்கில் புரியாத சொல்லையெல்லாம் அதில் எழுதி, முடிந்ததும் ஒரே ஒரு சீனியரிடம் மட்டும் போய்க் கேட்பேன். நாலைந்து மாதத்தில் குறிப்பேட்டுக்கு வேலை குறைந்துவிட்டது.

பேராசிரியர் மேடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். "என் அறைக் கதவு எப்பவும் திறந்துதான் இருக்கும், எப்ப வேணும்னாலும் வந்து கேளு" என்றார். மனசாரத்தான் சொன்னார். நான் ஒரு முறைகூடப் போகவில்லை. பெரியவர்கள் வேலையாக இருக்கும்போது காரணமில்லாமல் போய் நிற்கக்கூடாது, நம்மால் யாருக்கும் தொந்தரவு வரக்கூடாது என்று வளர்ந்தவர்களுக்கு அந்தக் கதவு திறந்திருப்பது உதவாது. அதே கதவுக்குள் மற்ற மாணவர்கள் சும்மா எட்டிப் பார்த்துவிட்டு ஆய்வுத் தலைப்பு, பயண உதவித்தொகை என்று எதையாவது வாங்கிக்கொண்டு வெளியே வருவார்கள். பின்னால் இதையே ஆய்வாகப் படித்தேன். நிக்கோல் ஸ்டீபன்ஸ் என்ற உளவியல் ஆய்வாளரும் உடன் பணிபுரிந்தவர்களும் 2012-ல் எழுதியது: அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள், தானே கேட்டு, தானே வழி தேடிக்கொள்ளும் மாணவரைத்தான் எதிர்பார்க்கின்றன; முதல் தலைமுறை மாணவர்களோ பிறரோடு அனுசரித்துப் போவதையே பழக்கமாகக் கொண்டு வருகிறார்கள், இந்தப் பொருத்தமின்மையே அவர்கள் மதிப்பெண்ணைப் பாதிக்கிறது என்று. 2014-ல் ஸ்டீபன்ஸும் வேறு இருவரும் இன்னொன்று செய்து பார்த்தார்கள். புதிதாகச் சேர்ந்தவர்களை உட்காரவைத்து, சீனியர்கள் தாங்கள் கல்லூரியில் பட்ட பாட்டையும் மீண்ட வழியையும் ஒரு மணி நேரம் போலச் சொன்னார்கள். ஒரு குழுவுக்குச் சொன்னவர்கள், தங்கள் பெற்றோர் படித்தவர்களா இல்லையா என்பதையும் அதனால் என்ன ஆனது என்பதையும் சேர்த்துச் சொன்னார்கள். ஆண்டு முடிவில், அதைக் கேட்காத குழுவோடு ஒப்பிட்டால், அந்தக் குழுவில் முதல் தலைமுறை மாணவர்களுக்கும் மற்றவர்களுக்கும் இடையிலான மதிப்பெண் இடைவெளி 63 சதவீதம் குறைந்திருந்தது. ஆசிரியர்களைத் தேடிப் போய்க் கேட்பதும் கூடியிருந்தது. நானும் இந்தத் துறைதான் என்பதால் ஒரு எச்சரிக்கை: அது ஒரே பல்கலைக்கழகம், சிறிய மாணவர் எண்ணிக்கை. 2015-ல் 100 உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்தபோது, மூலத்தில் 97 சதவீதம் புள்ளியியல்படி பலன் காட்டியிருக்க, மறு ஆய்வில் 36 சதவீதம்தான் காட்டின. 63 என்ற எண்ணைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். ஆனால் எங்கே இடறுகிறது என்று அவர்கள் சொன்ன இடம் சரியான இடம், என் முழங்காலில் காயம் இருக்கிறது.

எனக்கு வழி பிறந்தது ஒரு சீனியர் அக்காவால். அவரும் முதல் தலைமுறை. "கதவு திறந்திருக்குன்னு சொன்னா போகாதே, காலண்டர்ல நேரம் கேளு" என்றார். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை இருபது நிமிடம் என்று மேடத்திடம் கேட்டேன், உடனே தந்தார். போவதற்கு முந்தைய நாள் மூன்று வரி அனுப்ப வேண்டும்: என்ன முடித்தேன், எங்கே சிக்கியிருக்கிறேன், உங்களிடமிருந்து என்ன முடிவு வேண்டும். பேசி முடித்த அன்றே, பேசியதைச் சுருக்கி, யார் எதை எப்போது செய்வது என்று ஓர் அஞ்சல் போட வேண்டும். இந்த அஞ்சல் வெறும் மரியாதைக்கு இல்லை. பின்னால் "அப்படிச் சொன்னேனா?" என்ற பேச்சே வராது. கூடவே இன்னொன்றும் புரிந்தது. வழிகாட்டி என்று ஒரே ஆளை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். மேடத்துக்கு ஆய்வுக் கேள்வி தெரியும், எந்தப் படிவம் எங்கே தர வேண்டும் என்று தெரியாது. சீனியருக்கு மென்பொருள் தெரியும், மானியக் கணக்கு தெரியாது. லேப் மேலாளருக்கும் துறை அலுவலகத்தில் கணக்குப் பார்ப்பவருக்கும் தெரிந்தது பேராசிரியர்கள் பாதிப்பேருக்குத் தெரியாது. என் பணத்தை மீட்டுக் கொடுத்தது அந்த அலுவலகக்காரர்தான்.

அந்தப் பணக் கதை இதுதான். ஒரு மாநாட்டில் போஸ்டர் வைக்க, அதாவது ஆய்வை ஒரு பெரிய தாளில் அச்சிட்டுக் காட்ட, நாங்கள் அனுப்பிய ஆய்வுச் சுருக்கம் தேர்வானது. செலவெல்லாம் லேப் ஏற்றுக்கொள்ளும் என்றார்கள். லேப்பே கட்டிவிடும் போலிருக்கிறது என்று நினைத்தேன். ஆனால் நீ முதலில் கட்டு, திரும்பி வந்து பில் கொடு, பணம் பிறகு வரும் என்பதுதான் நடைமுறை. பதிவுக் கட்டணம், பயணம், தங்குமிடம், போஸ்டர் அச்சு, போதாததற்கு அந்தச் சங்கத்தின் உறுப்பினர் சந்தா. சேமிப்பு முழுவதும் போய், நண்பனிடம் கடனும் வாங்கினேன். வீட்டில் சொல்லவில்லை. படிக்கப் போன இடத்தில் கடன் என்றால் அம்மா பயந்துவிடுவார். பணம் திரும்பி வர மாதங்கள் ஆயின. அதிலும் தங்கிய அறைக்கான தொகையை முதலில் மறுத்துவிட்டார்கள், நாலு பேர் பகிர்ந்த அறைக்கு இன்னொருவர் பெயரில் பில் இருந்ததால். உறுப்பினர் சந்தா விதிப்படி சேராது என்று கடைசி வரை வரவே இல்லை. வசதியான வீட்டு மாணவர்களுக்கு இது ஒரு பொருட்டே இல்லை, வீட்டுக் கார்டில் தேய்த்துவிட்டு மறந்துவிடுவார்கள். அதனால்தான் யாரும் இதைப் பற்றிப் பேசுவதில்லை என்று நினைக்கிறேன்.

ஆகவே சுருக்கம் அனுப்பும்போதே, தேர்வாகும் முன்பே, இவற்றைக் கேளுங்கள். பயண முன்பணம் கிடைக்குமா? பதிவுக் கட்டணத்தையும் டிக்கெட்டையும் துறையே நேரடியாகக் கட்ட முடியுமா? பல இடங்களில் முடியும், கேட்பவர்களுக்கு மட்டும். எந்தெந்தச் செலவு சேரும், எது சேராது? பில் யார் பெயரில் இருக்க வேண்டும்? அறையைப் பகிர்ந்தால் ஒவ்வொருவருக்கும் தனி ரசீது வாங்க வேண்டுமா? மாணவர் பயண உதவித்தொகைக்கான கடைசித் தேதி பல சமயம் சுருக்கம் தேர்வாகும் முன்பே முடிந்துவிடும், அதை முதலில் பாருங்கள். மாநாட்டில் பதிவு மேசையில் சில மணி நேரம் உதவினால் கட்டணத்தைத் தள்ளுபடி செய்வதும் உண்டு. முன்பணம் கிடையாது, கையிலும் காசில்லை என்றால், போகவில்லை என்று சொல்லலாம். ஒரு போஸ்டர் வைக்காததால் யாருடைய ஆய்வு வாழ்க்கையும் முடிந்துவிடவில்லை. போஸ்டர் வைத்த பிறகு, சில போலி இதழ்க்காரர்கள் "பெருமதிப்புக்குரிய டாக்டர்" என்று இளங்கலை மாணவருக்கே அஞ்சல் அனுப்பி, கட்டணம் கட்டினால் கட்டுரை போடுகிறோம் என்பார்கள். அதையெல்லாம் அப்படியே குப்பைக்கு அனுப்பிவிடுங்கள்.

இனி பெயர் விஷயம். கட்டுரை வெளியானபோது ஆவலோடு திறந்தேன். ஆசிரியர் வரிசையில் நான் இல்லை. கோடிங்கில் உதவியவர்களுக்கு நன்றி என்று நாலைந்து பெயர்களோடு என் பெயரும் இருந்தது. கழிவறையில் போய் அழுதேன் என்பதை மறைக்க ஒன்றுமில்லை. விதியைப் பார்த்தால், வெறும் கோடிங் செய்ததற்கு நன்றிதான் வழக்கம், அதில் தவறில்லை. ஆனால் அந்த இரண்டாவது வகைப்பாட்டுக் கையேட்டில் பெரும்பகுதி நான் எழுதியது. எந்த வகையை இரண்டாகப் பிரிப்பது, எதை எடுத்துவிடுவது என்பதெல்லாம் என் யோசனை. அது சிந்தனைப் பங்களிப்பு. அமெரிக்க உளவியல் சங்கத்தின் நெறிமுறைகளில் 8.12 என்ற விதி, பெயர் வரிசை பதவியைப் பொறுத்ததில்லை, பங்களிப்பைப் பொறுத்தது என்கிறது. யாருக்கு எவ்வளவு பங்கு என்பதை வழிகாட்டும் பேராசிரியர்கள் மாணவர்களோடு கூடிய சீக்கிரமே பேச வேண்டும் என்றும் சொல்கிறது. எங்கள் லேப்பில் யாரும் பேசவில்லை. நானாகப் பேசலாம் என்பது எனக்குத் தெரியாது. மேடத்திடம் பிறகு கேட்டபோது அவர் முகம் மாறிவிட்டது. கையேட்டை எழுதியது ஒரு சீனியர்தான் என்று நினைத்திருந்தாராம். வெளியான கட்டுரையில் ஒன்றும் செய்ய முடியவில்லை. அடுத்த கட்டுரையில் என் பெயர் மூன்றாவதாக வந்தது, ஏனென்றால் அப்போது தொடக்கத்திலேயே ஒரு தாளில் எழுதிவைத்தோம்.

எப்படிக் கேட்பது என்று தயங்குபவர்களுக்கு நான் பயன்படுத்திய வரி: "இந்தக் கட்டுரையில் ஆசிரியராக இடம்பெற என்ன அளவு பங்களிப்பு வேண்டும்? அதற்கு நான் என்ன பொறுப்பு எடுத்துக்கொள்ளலாம்?" இது உரிமைச் சண்டையாக ஒலிக்காது, வேலை கேட்பதாகத்தான் ஒலிக்கும். பல இதழ்கள் இப்போது யார் என்ன செய்தார்கள் என்பதை 14 வகைப் பங்களிப்புகளாகப் பிரித்துக் குறிப்பிடச் சொல்கின்றன: கருத்துருவாக்கம், முறையியல், தரவு மேலாண்மை, முதல் வரைவு எழுதுதல் என்று. அந்தப் பட்டியலை எடுத்து, செய்ததையெல்லாம் தேதியோடு அதில் குறித்துக்கொண்டே வாருங்கள். ஞாபகத்தை நம்ப வேண்டாம், அவர்களுடையதையும் சரி, உங்களுடையதையும் சரி.

அதே குறிப்பு பரிந்துரைக் கடிதத்துக்கும் உதவும். பெரிய பேராசிரியர் எழுதினால் போதும் என்று நினைத்துக் கேட்பார்கள். உங்களை நேரில் பார்த்தே இராதவர் எழுதும் கடிதம் "பொறுப்பானவர், நேரம் தவறாதவர்" என்று இரண்டு பத்தியில் முடிந்துவிடும், அதைப் படிப்பவர்களுக்கு அர்த்தம் உடனே விளங்கிவிடும். "எனக்கு வலுவான கடிதம் எழுதும் அளவுக்கு என் வேலை உங்களுக்குத் தெரியுமா?" என்று கேளுங்கள். தயங்கினால் வேறொருவரிடம் போங்கள். உங்களோடு தினமும் வேலை செய்த சீனியர் குறிப்புகள் எழுதித் தர, பேராசிரியர் அதைச் சேர்த்துக் கையெழுத்திடுவது பல லேப்களில் நடப்பதுதான். ஒரு மாதத்துக்கு முன்பாவது கேட்டுவிடுங்கள்.

இதைப் படிக்கும் வழிகாட்டிகளிடமும் ஒரு வார்த்தை. எப்போது வேண்டுமானாலும் வா என்று சொல்லாதீர்கள், செவ்வாய் மூன்று மணிக்கு வா என்று சொல்லுங்கள். யார் முதல் தலைமுறை என்று தேடிக் கண்டுபிடித்துத் தனியாகக் கூப்பிட வேண்டாம், அதைவிடச் சங்கடம் வேறில்லை. சம்பளம், பெயர் வரிசை, பயணச் செலவு, விடுப்பு எல்லாவற்றையும் ஒரு பக்கத்தில் எழுதிச் சேர்கிற எல்லாருக்கும் கொடுத்துவிடுங்கள். எங்கள் லேப்பில் இப்போது அப்படி ஒரு கையேடு இருக்கிறது. எழுத ஒரு மாலைதான் ஆனது. தேர்வு சமயத்தில் உதவியாளர் நேரத்தைக் குறைத்துக்கொள்ளலாம் என்ற வரியை அதில் நான் சண்டை போட்டுச் சேர்த்தேன்.

லேப்பை விட்டுப் போகிறவர்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதை யாருமே சொல்வதில்லை. படிப்பு முடிந்து சில மாதங்களில் பல்கலைக்கழக மின்னஞ்சல் மூடப்படலாம். அதிலிருக்கும் பெயர் வரிசை ஒப்பந்தம், சந்திப்புச் சுருக்கங்கள், பில் நகல்கள் எல்லாம் அதோடு போய்விடும். அதற்கு முன்பே நெறிமுறைப் பயிற்சிச் சான்றிதழ், போஸ்டர் கோப்பு, நீங்கள் எழுதிய கையேடு இவற்றின் நகலை லேப்பில் சொல்லிவிட்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஆய்வாளர்களுக்கான அடையாள எண்ணான ஆர்கிட் (ORCID) இலவசம், அதைச் சொந்த மின்னஞ்சலில் பதிவு செய்யுங்கள். பங்கேற்பாளர்களின் தரவையும் வீடியோக்களையும் மட்டும் எடுத்துப் போகாதீர்கள். அவர்கள் ஒப்புதல் கொடுத்தது அந்த லேப்புக்கு, உங்கள் பென் டிரைவுக்கு இல்லை.